சனிக்கிழமை கோப்ளின்

எங்கள் பக்கத்து ஆளிடம் "நீங்க யாராக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். உடனே பதில் வராது. கேட்பவரின் முகம், வேட்டிக் கரை, கையில் இருக்கும் காகிதம் எல்லாவற்றையும் ஒருமுறை நோட்டம் விட்ட பிறகுதான் வாய் திறப்பார். வந்திருப்பது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு என்றால் ஒரு பதில். மாநில எல்லையான களியக்காவிளைக்குத் தெற்கேயிருந்து சம்பந்தம் பேச வந்தவர்கள் என்றால் இன்னொன்று. திருவனந்தபுரத்து ஆபீசர் என்றால் மூன்றாவது ஒன்று, அதுவும் மலையாளத்தில். மூன்றுமே உண்மை என்பதுதான் விசேஷம்.

எங்கள் ஊரான செங்கல் இருப்பது பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் பக்கத்தில். 1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையில் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்துக்குப் போயின. நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நெய்யாற்றின்கரையையும் கேட்டுப் பார்த்தது, கிடைக்கவில்லை. எல்லைக் கோடு எங்களுக்குச் சற்றுத் தெற்கே விழுந்தது. அதன் பிறகு வீட்டுக்குள் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், சந்தையில் இரண்டும் கலந்து, ஆபீஸ் வராந்தாவில் வெறும் தலையாட்டல் என்று ஐந்து வயதிலேயே பிள்ளைகள் ஆளுக்கு நாலு வேஷம் கட்டிப் பழகிவிடுவார்கள். இதைப் பற்றிக் கண்ணீர் விட்டு எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எங்களுக்கு அதற்கு நேரம் இருந்ததில்லை. அடுத்த வேஷத்துக்கு நாழியாகிவிடும்.

ஆகையால், கழக்கூட்டம் டெக்னோபார்க்கில் வேலை பார்க்கும் என் தங்கை மகன், "மாமா, இந்த கேம்ல ஒவ்வொருத்தரும் வேற ஒரு ஆளா மாறிடணும், நாலு மணிக்கூறு அந்த ஆளாத்தான் பேசணும்" என்று கண்கள் பளபளக்கச் சொன்னபோது எனக்கு ஆச்சரியம் வரவில்லை. "இதுக்குப் போயா மக்களே இம்புட்டுத் தடிமன்ல புக்கு?" என்றுதான் கேட்டேன்.

புத்தகம் தடிமன்தான். அதைப் படித்து வக்கீலாகி விடலாம். ஆட்டத்தின் பெயர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். 1974-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்ற சின்ன ஊரில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் வெளியிட்டது. ஒரு பெட்டி, அதற்குள் மூன்று சிறு புத்தகங்கள், விலை பத்து டாலர், முதலில் அச்சடித்தது ஆயிரம் பெட்டி. மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார வேண்டும். ஒருவர் டன்ஜன் மாஸ்டர். கதை அவர் கையில். "இருட்டுக் குகைக்குள் நுழைகிறீர்கள், இடது பக்கம் ஓர் உறுமல், என்ன செய்கிறீர்கள்?" என்பார். மற்றவர்கள் மாவீரன், மந்திரவாதி, பூசாரி என்று ஆளுக்கொரு வேஷம். ஒருவன் கத்தியை உருவுகிறேன் என்பான், ஒருவன் ஓடுகிறேன் என்பான். நடந்ததா இல்லையா என்பதை இருபது முகம் கொண்ட பகடை தீர்மானிக்கும். ஜெயித்தவன், தோற்றவன் என்று யாரும் இல்லை. ஒரே கதை வருஷக்கணக்கில் ஓடலாம், எங்கள் தாலுகாவின் பாகப்பிரிவினை வழக்குகள் மாதிரி.

ஒவ்வொரு வேஷத்துக்கும் ஒரு தாள் உண்டு. வலு, சுறுசுறுப்பு, தாக்குப்பிடிப்பு, புத்தி, விவேகம், வசீகரம் என்று ஆறு குணம். ஒவ்வொன்றுக்கும் பகடை போட்டு ஓர் எண். மருமகன் அந்தத் தாளை பென்சிலில்தான் எழுதுகிறான். ஆள் வளர வளர அழித்து மாற்றலாமாம். நான் எங்கள் ரேஷன் அட்டையை நினைத்துக்கொண்டேன். 2017 முதல் கேரளத்தில் மஞ்சள், பிங்க், நீலம், வெள்ளை என்று நான்கு நிறத்தில் ஆட்களைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அதில் பென்சிலுக்கு இடமில்லை.

இன்னொன்று. அந்த முதல் பெட்டியில் கள்ளன் கிடையாது. மாவீரன், மந்திரவாதி, பூசாரி என்று மூன்றே வகை. அடுத்த வருடம் வந்த இணைப்புப் புத்தகத்தில்தான் கள்ளனைச் சேர்த்தார்களாம். கள்ளன் இல்லாமல் ஒரு வருடம் எப்படி விளையாடினார்கள் என்பது எனக்குப் புரியவே இல்லை. எங்கள் திண்ணையில் நோட்டுத் தாளைக் கிழித்து ராஜா, ராணி, மந்திரி, போலீஸ், கள்ளன் என்று எழுதிச் சுருட்டிப் போட்டபோது, ராஜாவுக்குத்தான் புள்ளி அதிகம், கள்ளனுக்குப் பூஜ்யம். ஆனால் எல்லோர் கண்ணும் கள்ளன் மேல்தான். ராஜா சீட்டைப் பிரித்தவனுக்கு அதற்குமேல் வேலை இல்லை, சும்மா உட்கார்ந்திருப்பான். கள்ளன் சீட்டு வந்தவன்தான் முகத்தைப் பூசாரி மாதிரி வைத்துக்கொள்ளப் பாடுபடுவான். எங்கள் ஊரில் பின்னாளில் நன்றாகப் பிழைத்தவர்கள் யார் யார் என்று பார்த்தால், இந்தச் சீட்டில் முகம் மாறாமல் இருக்கப் பழகியவர்கள்தான். பெயர் சொல்ல மாட்டேன். ஒருவர் பஞ்சாயத்திலேயே இருந்தார்.

பெரியவர்களுக்கு வாயனசாலை வாசலில் இருபத்தெட்டு. முப்பத்திரண்டு சீட்டு, ஜாக்கிக்கு மூன்று, ஒன்பதுக்கு இரண்டு, ஏஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று, மொத்தம் இருபத்தெட்டுப் புள்ளி. காசு வைத்து ஆட மாட்டார்கள், மானத்தை வைத்து ஆடுவார்கள். தோற்றவன் காதில் குணுக்கு மாட்ட வேண்டும்; பிலா இலையைச் சுருட்டியோ, உதிர்ந்த குரும்பையைக் கட்டியோ. அடுத்து ஜெயிக்கும்வரை கழற்றக் கூடாது. ஊரில் மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்த ஒருவர் இரண்டு காதிலும் குரும்பை தொங்க, அந்த வழியாக வந்த சம்பந்தியிடம் நிலத்து விலை பேசியதை நான் பார்த்திருக்கிறேன். பேரம் படிந்தது. அந்தக் குணுக்கோடு பேசும் மனிதரிடம் பொய் இருக்காது என்று சம்பந்திக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

இதெல்லாம் சின்ன ஆட்டம். எங்கள் காலத்தின் பெரிய ஆட்டம் காக்காரிசி நாடகம்.

தென் திருவிதாங்கூரில் கொல்லம், பத்தனம்திட்டை வரைக்கும் உள்ள கூத்து அது. சிவனும் பார்வதியும் கங்கையும், குறி சொல்லிப் பிழைக்கும் நாடோடிகளாக வேஷம் மாறிப் பூமிக்கு வந்த கதை என்பார்கள். சுந்தரன் காக்கான், அவனுக்கு காளி, நீலி என்று இரண்டு காக்காத்திகள், அப்புறம் கேள்வி கேட்கும் தம்புரான். ஹார்மோனியம், மிருதங்கம், கஞ்சிரா, இலைத்தாளம். அறுப்பு முடிந்த வயலில் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில், காக்கான் கையில் தீப்பந்தத்தோடு கூட்டத்துக்கு உள்ளே புகுந்து வருவான். பிள்ளைகள் அலறி விலகும். பாட்டுக்காரர்களோடு உட்கார்ந்திருக்கும் தம்புரான் அங்கிருந்தே விசாரணையை ஆரம்பிப்பார். யார் நீ? எந்த ஊர்? எதற்கு வந்தாய்? எத்தனை பெண்டாட்டி? ராத்திரி முழுக்க இந்தக் கேள்வியும் பதிலும்தான் நாடகம். பாட்டுகள் பழையவை, பதில்கள் அன்றைய ராத்திரிக்குப் பிறந்தவை. போன வாரம் யார் வீட்டுக் கோழி காணாமல் போனது, எந்த மெம்பர் கால்வாய்த் தண்ணீரைத் தன் வயலுக்குத் திருப்பினார் என்பதெல்லாம் காக்கான் வாயில் வந்துவிடும். சம்பந்தப்பட்டவர் முன்வரிசையில் பாய் போட்டு உட்கார்ந்திருப்பார். எழுந்து போனால் குற்றம் ஒப்புக்கொண்ட மாதிரி. சிரித்துத்தான் ஆக வேண்டும்.

மருமகன் விவரிக்கும் டன்ஜன் மாஸ்டர் எங்கள் தம்புரானேதான். தம்புரானிடம் பகடை கிடையாது, கூட்டத்தின் சிரிப்பை வைத்து அடுத்த கேள்வியை முடிவு செய்வார், அவ்வளவுதான் வித்தியாசம். இன்னொரு சங்கதியும் உண்டு, அதைச் சொல்லாமல் விட முடியாது. தம்புரான் கேட்பது மலையாளத்தில். காக்கான் பதில் சொல்வது தமிழ் கலந்த பேச்சில். நாடோடி, குறிகாரன், கோழி திருடியவன், வரி கட்டாதவன் எல்லாம் எங்கள் வீட்டு மொழியில் பேசுவான். விசாரிக்கிறவர் பள்ளிக்கூட மொழியில் பேசுவார். நாங்களும் கைதட்டிச் சிரித்தோம். அப்போது அது உறைக்கவில்லை. நன்றாகத்தான் இருந்தது.

காக்காத்தி வேஷத்தை அந்நாளில் ஆண்கள்தான் கட்டுவார்கள். எங்கள் செட்டில் நீலியாக வந்தவர் தையற்காரர். கடையில் அவர் பேசி யாரும் கேட்டதில்லை. வாயில் எப்போதும் அளவு நாடாவின் ஒரு முனை இருக்கும். 'ம்' என்றால் வியாழக்கிழமை தருவேன் என்று அர்த்தம், 'ம்ம்' என்றால் துணி போதாது. அந்த மனிதர் சேலையைச் சுற்றிக்கொண்டு கொண்டையில் பூ வைத்து வயலில் இறங்கிவிட்டால், தம்புரானை ஒரு வாக்கியம் முழுதாகப் பேச விட மாட்டார். ஒருமுறை நாடகத்தின் நடுவில், தம்புரான் வரி பாக்கி கேட்டதும், நீலி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, பாக்கி பற்றிப் பேசத் தொடங்கினால் முன்வரிசையில் யார் யார் இரண்டு ஓணமாகத் தையற்கூலி தரவில்லை என்பதையும் பேசலாமே என்று ஆட்களைச் சுட்டிக் காட்ட ஆரம்பித்தார். மறுநாள் காலையில் கடைக்கு முன்னால் ஆட்கள் காசோடு நின்றார்கள். அவர் நாடா முனையைக் கடித்துக்கொண்டு 'ம்' என்றார்.

அதற்குப் பிறகு அவருக்குச் சொந்தப் பெயர் இல்லாமல் போயிற்று. நீலி. கடைப் பலகையில் வேறு பெயர் இருந்தது, யாரும் வாசிக்கவில்லை. வளைகுடாவிலிருந்து மகன் பணம் அனுப்பினால் தபால்காரர் கவர் மேலுள்ள பெயரைப் பார்த்துவிட்டு நாலு வீட்டில் விசாரிப்பார், ஐந்தாவது வீட்டில்தான் "ஓ, நம்ம நீலி" என்பார்கள். அவர் மனைவி 'நீலிக்க பெஞ்சாதி' ஆனார். பேரன் நீலியின் பேரன். இது ஒரு பக்கம். மறுபக்கம், தாலுகா ஆபீசில் காரியம் இருந்தால் ஊர்க்காரர்கள் அவரைத்தான் கூட்டிப் போவார்கள். உள்ளே போகுமுன் வராந்தாவில் நிறுத்தி, "கொஞ்சம் நீலியா நின்னு பேசும் ஓய்" என்பார்கள். அவரும் ஒருமுறை தோளைக் குலுக்கிவிட்டு உள்ளே போய், கிளார்க்கிடம், தையற்காரன் ஒருநாளும் பேசத் துணியாத பேச்சைப் பேசி முத்திரை வாங்கிக்கொண்டு வருவார். வெளியே வந்ததும் பேச்சு நின்றுவிடும். பஸ்ஸில் வீடு வரைக்கும் 'ம்', 'ம்ம்'.

மருமகனிடம் இதைச் சொன்னேன். அவன் ஒரு புத்தகத்தின் பெயரைச் சொன்னான். கேரி ஆலன் ஃபைன் என்ற சமூகவியலாளர் இந்த ஆட்டக்காரர்களோடு உட்கார்ந்து கவனித்து 1983-இல் எழுதியது. மேசையில் இருக்கும் ஒவ்வொருவரும் ஒரே நேரத்தில் மூன்று ஆள் என்கிறாராம்: வீட்டுக்குப் போக வேண்டிய மனிதன், விதிகளைத் தெரிந்த ஆட்டக்காரன், குகையில் நிற்கும் பாத்திரம். மூன்றுக்கும் நடுவே நொடிக்கு நொடி தாவிக்கொண்டே இருப்பார்களாம். சாரா லின் போமன் என்ற பெண்மணி 2010-இல் எழுதிய இன்னொரு புத்தகம், இந்த ஆட்டங்கள் ஆட்களைக் கூட்டமாகச் சேர்க்கின்றன, சிக்கலை அவிழ்க்கப் பழக்குகின்றன, தான் யார் என்று தேடிப் பார்க்க இடம் தருகின்றன என்கிறதாம். வேஷத்தின் கோபமும் காதலும் ஆட்டம் முடிந்த பிறகு மனிதனுக்குள் கசிவதற்கும் தனியாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். எல்லாம் சரிதான். நீலி இதில் எந்த அத்தியாயத்தில் வருவார் என்று கேட்டேன். மருமகன் யோசித்துவிட்டு, "எல்லாத்துலயும் மாமா" என்றான். நல்ல பிள்ளை.

அவன் வேஷம் கோப்ளின். பச்சை நிறம், நீளக் காது, மூன்றடி உயரம், தொழில் திருட்டு. ஒரு சனிக்கிழமை மாடி அறையில் அவர்கள் ஆடுவதை ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன். ஐந்து பேர், அதில் இரண்டு பெண்கள். நடுவில் ஏழு பகடை, நேந்திரங்காய் வறுவல், மடிக்கணினியில் மார்த்தாண்டத்துப் பையன் ஒருவனுடைய முகம். எல்ஃப் இளவரசியாக வந்த பெண் ஆங்கிலத்தில், அதுவும் லண்டனில் பிறந்த ஆங்கிலத்தில் பேசினாள். மந்திரவாதி எர்ணாகுளம் மலையாளம். கோட்டைத் தலைவனாக டன்ஜன் மாஸ்டர் பேசியதும் ஆங்கிலம். கோப்ளின் முறை வந்தது. என் மருமகன் நாற்காலியில் குந்தி உட்கார்ந்துகொண்டு, "தள்ளே! எனக்க ஏமானே, நம்மள விடுங்க, பிள்ளேளு பட்டினியாக்கும்!" என்றான்.

அறை வெடித்துச் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றது. அது என் அம்மையின் குரல். இழுப்பு உட்பட.

ஐம்பது வருடம் போயிருக்கிறது. வயல் போய் மாடி அறை, பெட்ரோமாக்ஸ் போய் எல்.இ.டி., தம்புரான் போய் டிராகன். கள்ளனும் பிச்சைக்காரனும் இன்னும் எங்கள் வீட்டு மொழியிலேயே பேசுகிறார்கள். முன்னேற்றம் என்று பார்த்தால், அதிகாரம் மலையாளத்திலிருந்து ஆங்கிலத்துக்கு மாறியிருக்கிறது.

பிறகு விசாரித்தபோது கதை வேறு மாதிரி இருந்தது. 2005-இல் 'ராஜமாணிக்யம்' என்ற மலையாளப் படத்தில் மம்மூட்டி திருவனந்தபுரத்துத் தெற்கத்திப் பேச்சைப் பேசி வெளுத்து வாங்கினார். படம் ஓடோ ஓடென்று ஓடியது. அதற்குப் பிறகு எங்கள் பக்கத்துப் பிள்ளை எர்ணாகுளத்தில் ஹாஸ்டலுக்குப் போனால், பெட்டியை வைப்பதற்குள் "ஒண்ணு பேசிக் காட்டு" என்று சுற்றி நிற்பார்களாம். மருமகன் ஒரு வாரத்தில் பேச்சை மாற்றிக்கொண்டான். நாலு வருடம் அச்சடித்த மலையாளம், அளந்த ஆங்கிலம். ஆபீசிலும் அப்படியே. வீட்டுக்கு போன் பண்ணும்போதுகூட, பக்கத்தில் ஆள் இருந்தால் அம்மாவிடம் ஆங்கிலத்தில் "ஓகே, ஓகே" என்று வைத்துவிடுவான். தங்கை அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

கோப்ளினுக்கு ஒரு குரல் வேண்டும் என்று டன்ஜன் மாஸ்டர் கேட்ட ராத்திரியில்தான் வாயில் அது வந்ததாம். யோசிக்காமல் வந்ததாம். ஆட்டத்தில் அந்தக் கோப்ளினுக்கு வசீகரம் பதினேழு. அதற்கு மேல் பேச்சு. இளவரசி வாளை உருவிச் சாகப் போகும் இடத்தில் கோப்ளின் பேரம் பேசி வெளியே வந்துவிடுகிறது. எத்தனை காவலை வைத்தாலும் இவன் நாக்கு கடந்துவிடுகிறது என்று டன்ஜன் மாஸ்டர் அலுத்துக்கொள்வானாம். கூட்டத்தில் இப்போது யாரும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, 'கோப்ளின் சேட்டன்'தான். லீவு தராமல் இழுத்தடித்த மேனேஜரிடம் ஒருநாள் தன்னை அறியாமல் பாதிக் கோப்ளினாகப் பேசிவிட்டானாம். லீவு கிடைத்தது.

கோப்ளினின் பெரிய சாகசம் என்று அவர்கள் கொண்டாடுவது, கொள்ளையடித்த தங்கத்தை வயிற்றில் கட்டிக்கொண்டு நிறைமாத கர்ப்பிணி வேஷத்தில் கோட்டை வாசலைக் கடந்தது. பகடையில் பதினெட்டு விழுந்ததாம். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்களாம். எங்கிருந்து பிடித்தான் அந்த யோசனையை? எங்கள் மாமியிடமிருந்து. அறுபதுகளில் மாநிலம் விட்டு மாநிலம் அரிசி கொண்டுபோகத் தடை. கேரளத்தில் அரிசித் தட்டுப்பாடு, களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் கிடைக்கும். எல்லைப் பக்கத்துப் பெண்கள் பலருக்கு அரிசி கொண்டுவருவதே பிழைப்பு. மாமி வயிற்றில் துணிப்பையைக் கட்டி, முதுகில் கை ஊன்றி, மூச்சு வாங்கிக்கொண்டு சோதனைச்சாவடி கடப்பார். வாரத்தில் இரண்டு நாள் நிறைமாதம். ஒன்றரை வருடம் ஆகியும் பிள்ளை பிறக்காததைப் பற்றி அங்கிருந்த போலீஸ்காரர் ஒருவர் மிகுந்த கரிசனத்தோடு விசாரித்திருக்கிறார். "எங்க குடும்பத்துல லேட்டாத்தான் பெறும் ஏமானே" என்றாராம் மாமி. அவருக்குக் கைதட்ட ஆள் இல்லை. பகடையும் இல்லை, போலீஸ்காரர் காலையில் சாப்பிட்டிருந்தாரா என்பதுதான் எண். மாமிக்கு வசீகரம் எத்தனை போடலாம் என்று மருமகனைக் கேட்டேன். பத்தொன்பது என்றான். இருபது ஏன் இல்லை என்று சண்டை போட்டேன்.

இவர்கள் கூட்டம் கெட்டிப்பட்டது 2020-இல். ஊரடங்கு வந்ததும் களியக்காவிளையில் இ-பாஸ் இல்லாமல் ஆள் நகர முடியாது. மார்த்தாண்டத்துப் பையன் சாதாரண நாளில் ஒரு பஸ் ஏறினால் வந்துவிடுவான். அவனும் இவர்களும் ராத்திரி ராத்திரியாக டிஸ்கார்டில் கூடி, மலை, கடல், பாதாளம் என்று ஏழு ராஜ்ஜியங்களின் எல்லையைக் கடந்தார்கள். டன்ஜன் மாஸ்டரும் சும்மா இருக்கவில்லை. பூதங்கள் காவல் நிற்கும் ஒரு பாலத்தில் இ-பாஸ் கேட்டான். கோப்ளின் முயற்சி செய்த ராத்திரி இரண்டு விழுந்ததாம். பாஸ் நிராகரிக்கப்பட்டது. அசல் விண்ணப்பத்தில் மார்த்தாண்டத்துப் பையனுக்கும் அதே வாரம் அதே கதிதான்.

அந்த நாட்களில் தங்கைக்குப் பயம் பிடித்தது. எண்பதுகளில் அமெரிக்காவிலும் தாய்மார்களுக்கு இந்த ஆட்டத்தின் மேல் பயம் வந்திருக்கிறது. இது பிசாசு வழிபாடு என்று சொல்லி பாட்ரிசியா புல்லிங் என்பவர் 1983-இல் ஓர் இயக்கமே தொடங்கினார். எங்கள் காலத்தில் உபதேசியார் அதையே காக்காரிசியைப் பற்றிச் சொன்னார். முக்காடு போட்டுக்கொண்டு பார்க்க வந்தவர்களில் அவர் வீட்டு ஆட்களும் இருந்தார்கள். தங்கைக்குப் பிசாசைப் பற்றிக் கவலையில்லை. மகனின் மேசையில் பகடையைப் பார்த்துவிட்டாள். ஆன்லைன் ரம்மியில் வீட்டை இழந்தவர்களின் கதைகள் பேப்பரில் வந்துகொண்டிருந்த நேரம். 2021-இல் கேரள அரசு அதைத் தடை செய்ததும், அதே வருடம் உயர் நீதிமன்றம் தடையை ரத்து செய்ததும் அவளுக்குத் தேதியோடு தெரியும். "அண்ணா, எவ்வளவு போச்சுதுன்னு மட்டும் கேட்டுச் சொல்லு" என்று என்னை மாடிக்கு அனுப்பினாள். போய்ப் பார்த்துவிட்டு வந்து, இவன் இதுவரை இருநூறு தங்கக் காசு ஜெயித்திருக்கிறான் என்றேன். பவுன் விலையைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு அன்று ராத்திரி அவர்களுக்குக் கட்டன் சாயாவும் மரச்சீனி அவித்ததும் மாடிக்கு அனுப்பினாள்.

இப்போது மருமகன் சொந்தமாக ஒரு நாடு வரைந்துகொண்டிருக்கிறான். 2022-இல் வந்த 'ஜர்னீஸ் த்ரூ தி ரேடியண்ட் சிட்டாடல்' என்ற தொகுப்பில் மிமி மண்டல் என்ற நம் நாட்டுக்காரர் வங்காளச் சாயலில் ஒரு சாகசம் எழுதியிருக்கிறாராம். வங்காளத்துக்கு ஆறு இருந்தால் நமக்கு நெய்யாறு இல்லையா என்பது இவன் வாதம். வரைபடத்தைக் காட்டினான். ஆற்றங்கரையில் ஒரு பொந்து விழுந்த பிலா மரம், அதற்குள் எதிரிகளுக்கு ஒளிந்து ஒரு ராஜா. நெய்யாற்றின்கரை கிருஷ்ணசாமி கோயிலில் இருக்கும் அம்மச்சி பிலாவேதான். மார்த்தாண்ட வர்மா ஒளிந்ததாகச் சொல்கிற மரம். இந்த ராஜாவைப் பற்றி சி.வி. ராமன் பிள்ளை 1891-இல் வெளியிட்ட நாவலிலும் ஒரு பாத்திரம் பைத்தியக்கார சாணானாக வேஷம் போட்டுத்தான் ஊரைச் சுற்றுகிறது; எங்கள் பக்கத்தில் அரச குடும்பத்து அரசியலே மாறுவேஷத்தில்தான் நடந்திருக்கிறது. வரைபடத்தின் நடுவில் வானத்தைத் தொடும் ஒரு கல் தூண், உள்ளே குகை போல வழி, ஏற ஏறத் தவத்தில் உட்கார்ந்திருக்கும் முனிவர்கள். இது நம் மகேஸ்வரம் கோயில் லிங்கம் இல்லையா, நூற்றுப்பதினொரு அடி, என்றேன். "இது வேற மாமா, இது நூத்திப்பன்னெண்டு" என்றான். கோயில் கமிட்டி காதில் விழாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

இந்த ராஜ்ஜியத்தில் ஒரு தையற்காரர் வருகிறார். கடையில் பேச மாட்டார், ராத்திரியில் காக்காத்தி. பெயர் வைக்க என்னிடம் அனுமதி கேட்டான். வைத்துக்கொள் என்றேன். அசல் பெயரை விசாரித்தான், நினைவுக்கு வரவில்லை.

போன மாதம் தங்கை அவனுக்குப் பெண் பார்க்க ஆரம்பித்தாள். தரகர் ஒரு தாள் கேட்டார். உயரம், நிறம், நட்சத்திரம், தோஷம், சம்பளம், கூடப் பிறந்தவர்கள், சொந்த வீடு. மருமகன் அதைப் பார்த்துவிட்டு, இதில் விவேகத்துக்கும் வசீகரத்துக்கும் கட்டமே இல்லையே என்றான். தரகர் அதெல்லாம் அவர்கள் நேரில் பார்த்துக்கொள்வார்கள் என்றார். பாலராமபுரம் பக்கத்திலிருந்து பெண் வீட்டார் வந்தார்கள். நெசவு வியாபாரக் குடும்பம், பெண்ணின் தாத்தாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். ஏத்தன்பழமும் மிக்சரும் வைத்தோம். பேச்சு நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. பெண்ணின் அப்பா மரியாதையாக, பையனுக்குச் சீட்டு, குடி அப்படி ஏதாவது உண்டா என்று கேட்டார்.

"அய்யோ, ஒண்ணும் கிடையாது" என்றாள் தங்கை. பொய் சொல்லிப் பழகாதவள். ஒரு நொடி தயங்கினாள். "சனிக்கிழமை ராத்திரி மட்டும் கோப்ளினா இருப்பான்."

தாத்தா கையைக் காதோரம் குவித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார்.

"அது பி.எஸ்.சி. எழுதிக் கிடைச்சதா?"